கல்லின் ஊர்

புதியவர் ஒருவர் நம்மிடம் வந்தால், அவர் பெயரைக் கேட்பதற்கு முன்னரே ஊரைக் கேட்பது நம்மவர் வழக்கம். ஊரை அறிந்த அளவிலே அவருடைய தொழிலும் உறவும் வந்த வழியும் ஒருவாறு விளங்கிவிடுகின்றன. ஆயின் இவ்வினாவை ஒரு கல்லை நோக்கி எழுப்புவார் மிகச் சிலரே. கோயிலின் தூணும், ஏரியின் மதகும், வீட்டின் வாயிற்படியும், அடுக்களையின் அம்மியும் என்றும் அங்கேயே இருந்தன போல நமக்குத் தோன்றுகின்றன. உண்மையில் அவை ஒவ்வொன்றும் யாதானும் ஒரு பாறையினின்று பிளக்கப்பட்டு, ஏதோ ஒரு வழியாகக் கொணரப்பட்டு, இங்கு வந்து குடியேறியவையே. கல்லுக்கும் ஊர் உண்டு. அவ்வூரைக் கண்டறியும் முறை யாது, அதனால் விளையும் பயன் யாது, அதற்கு இந்நாளில் நேர்ந்துள்ள இடையூறு யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் வாழும் பகுதி மிகவும் ஏற்றது. தாம்பரத்திற்குத் தெற்கே, பெருஞ்சாலையை அடுத்துள்ள பீர்க்கன்கரணையை நடுவாகக் கொண்டு பார்ப்போமாயின், தென்புறத்தே வண்டலூர்க் குன்றுகளும், வடபுறத்தே பச்சைமலையும், அதற்கப்பால் பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை ஆகிய குன்றுகளும் வரிசையாக அமைந்திருக்கக் காண்போம். இவை தனித்தனிக் குன்றுகளாகத் தோன்றினும் ஒரே வகைப் பழம்பாறையின் உயர்ந்த பகுதிகளேயாம். இடையிலுள்ள தாழ்நிலத்தே மண் மூடிக் கிடப்பதும் பெரும்பாலும் அப்பாறையே. மழையிலும் வெயிலிலும் கிடந்த மேற்புறம் பழுப்பேறி யானையின் முதுகு போலக் காணப்படும். சம்மட்டியால் உடைத்த புதுமுகமோ சாம்பலும் நீலமும் பசுமையும் கலந்து, எண்ணெய் தடவினாற் போன்ற மினுமினுப்புடன் விளங்கும். நம்மவர் இதனைக் கருங்கல் என்று கூறி அமைவர். நிலநூலார் இதற்கு இட்ட பெயர் சார்னோக்கைட்டு என்பதாம்.

இப்பெயர் வந்த வரலாறே ஒரு கல்லின் ஊரைத் தேடிச் சென்ற வரலாறாகும்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராயிருந்த ஜாப் சார்னாக் என்பவர், வங்கத்தில் ஏற்பட்ட போரினால் அந்நாட்டை நீங்கி, 1689ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து தங்கினார். பின்னர் 1690ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஊக்ளி யாற்றின் கரையிலுள்ள சுதாநுதி என்னும் ஊரில் மீண்டும் சென்று இறங்கினார். அவ்வூரும் அதனை அடுத்த இரண்டு சிற்றூர்களும் சேர்ந்தே பிற்காலத்துக் கல்கத்தா மாநகரம் ஆயின. அந்நகரத்தை நிறுவியவர் இவரே என்று நெடுங்காலம் கூறி வந்தனர். அவ்வாறு கூறுதல் பொருந்தாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அது நிற்க. சார்னாக் 1693ஆம் ஆண்டு ஜனவரியில் இறந்தார். அவருடைய மருமகன் சார்லஸ் அயர் என்பவர் அவருக்கு ஒரு கல்லறை மண்டபம் எழுப்பி, இலத்தீன் மொழியில் எழுத்துப் பொறித்த கரிய கற்பலகை ஒன்றை அதில் அமைத்தார். இன்று தூய யோவான் ஆலயத்தின் வளாகத்தில் அம்மண்டபம் உள்ளது.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழிந்தன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1890ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த தாமஸ் ஹென்றி ஹாலண்டு என்னும் இளைஞர் அக்கற்பலகையைக் கண்ணுற்றார். எழுத்தைப் படித்தவர் பலர். எழுத்தைத் தாங்கிய கல்லைப் படித்தவர் அவரே. அக்கல்லின் கனிமங்களை ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரப் பகுதியின் பாறையே என்று துணிந்து, 1893ஆம் ஆண்டில் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். அதுவரை தனிப்பெயர் பெறாதிருந்த அப்பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே இடுதல் தகும் என்றும், அக்கல்லின் முதல் மாதிரியை அந்நகரத்திற்குக் கொண்டு சேர்த்தற்கு அவர் தாம் அறியாமலே காரணராயினார் என்றும் நயம்படக் கூறினார். பின்னர் 1900ஆம் ஆண்டில் இப்பாறைக் குடும்பம் முழுவதையும் பற்றி விரிவான நூல் ஒன்றையும் வெளியிட்டார். இவ்வாறு, கல்கத்தாவிற் புதைக்கப்பட்ட ஒருவரின் பெயர் நம் பல்லாவரத்துப் பாறைக்கு ஏறியது. நார்வேயிலும் தென்துருவ நிலத்திலும் இத்தகைய பாறையைக் காணும் அறிஞரும் இன்று அப்பெயராலேயே அதனை வழங்குகின்றனர்.

ஹாலண்டு எங்ஙனம் துணிந்தார் என்பதை உற்று நோக்குவோமாயின், கல்லின் ஊரைக் காணும் முறையின் படிகள் ஒவ்வொன்றாகப் புலப்படும்.

முதற்படி, கல் இன்னது என்று அறிதல். ஒரு சிறு துண்டை அறுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கே கனமுள்ளதாகும் வரை தேய்ப்பர். அந்நிலையில் கருங்கல்லும் ஒளி புகும் மெல்லேடாகிவிடும். அதனை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, தளப்படுத்திய ஒளியைச் செலுத்திப் பார்ப்பின், ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய நிறத்தையும் வடிவையும் காட்டும். நம் பாறையில் குவார்ட்சு, பெல்ஸ்பார், இரும்புக் கனிமம் என்பவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் உண்டு. மெல்லேட்டைத் திருப்பத் திருப்ப இந்த ஹைப்பர்ஸ்தீன் வெளிறிய சிவப்பினின்று பசுமைக்கு மாறும் இயல்புடையது. சாதாரணக் கிரானைட்டுக் கல்லில் இக்கனிமம் காணப்படுவதில்லை. ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் கீழ் இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், எழுநூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவானமையின் அடையாளம் அது.

இரண்டாம் படி, அக்கல் எங்கெங்கே பிறத்தல் கூடும், எங்கே பிறத்தல் கூடாது என்று வகுத்தல். கல்கத்தா நகரம் கங்கையின் வண்டல் மீது அமைந்தது. ஆழத் தோண்டினும் மண்ணும் மணலும் அன்றிப் பாறை தென்படாது. ஆதலின் அங்குள்ள கல் ஒவ்வொன்றும் வெளியூர்க் கல்லே என்பது ஐயமின்றிப் பெறப்படும்.

மூன்றாம் படி, கொணர்ந்தவர் யார், வந்த வழி எது என்று ஆராய்தல். சென்னைக் கோட்டைக்கும் வங்கத்திற்கும் இடையே கம்பெனியின் கப்பல்கள் சென்று வந்துகொண்டிருந்தன. பரங்கிமலை கோட்டைக்கு அண்மையது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு, எருதுவண்டிக்கு அரிதாயினும் கப்பலுக்கு எளிதே. கனிமம் காட்டிய ஊரை வரலாறும் இசைந்து காட்டியமையால் முடிபு உறுதி பெற்றது.

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை வேண்டும். கல்லின் இனம் வேறு, கல்லின் ஊர் வேறு. ஒருவர் தமிழர் என்று அறிந்த அளவிலே அவர் மதுரையினர் என்று கூறிவிடலாகாது. சார்னோக்கைட்டு நீலகிரியிலும் உண்டு. சேர்வராயன் மலையிலும் பழனி மலையிலும் இலங்கையிலும் உண்டு. ஆகவே நான்காவதாக ஒரு படியும் வேண்டியதாயிற்று. அஃதாவது, ஒரே இனத்துப் பாறைகளுள் இன்ன குன்றின் இன்ன முகம் என்று பிரித்தறிதல். ஹாலண்டு தாமே இப்பாறைகளில் குவார்ட்சு மிக்கனவும் குறைந்தனவும் அறவே இல்லாதனவும் என நால்வகை வகுத்தார். பல்லாவரத்துக் குன்றுகளில் வெளிறிய பாறையும் கரிய பாறையும் பட்டைபட்டையாக அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இந்நாளில் இவற்றைப் பிரித்தறியக் கருவிகள் பல உள. கல்லின் காந்த ஏற்புத்திறனை அதனைச் சிதைக்காமலே அளக்கலாம். பத்து லட்சத்தில் சில பங்கே கலந்துள்ள அரிய தனிமங்களின் விகிதத்தைக் கணக்கிடலாம். சிர்க்கான் என்னும் நுண்மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக்கொண்டு அவற்றின் வயதையும் கூறலாம். ஆயினும் இக்கருவிகள் எல்லாம் ஒன்றையே செய்கின்றன: இக்கல்லும் அப்பாறையும் ஒத்தனவா என்று ஒப்பிடுகின்றன. ஒப்பிடுவதற்கு இரண்டு வேண்டும் என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்க. இக்கட்டுரையின் கருத்தும் அதுவேயாம்.

பல்லாவரம் மற்றோர் ஆராய்ச்சிக்கும் தொடக்கமாயிற்று. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூல் அறிஞர் பல்லாவரத்தில் செம்பூராங்கற் சரளை தோண்டிய ஒரு குழியினின்று மனிதர் கையாற் செதுக்கிய கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால வரலாறு அந்நாளிலே தொடங்குகின்றது. அக்கோடரி பல்லாவரத்துக் கருங்கல்லால் ஆயதன்று. குவார்ட்சைட்டு என்னும் கல்லால் ஆயது. பல்லாவரத்துக் குன்றுகளில் அக்கல் இல்லை. வடமேற்கே உள்ள அல்லிக்குழி மலைகளின் கூழாங்கற் படிவங்களில் அது மிகுதியாக உண்டு. அவ்வாண்டு செப்டம்பரில் பூட் அவர்களும் அவர்தம் தோழர் வில்லியம் கிங் என்பவரும் கொசத்தலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டனர். அங்குள்ளவற்றுட் பழையவை பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது.

கோடரியின் கல்லைத் தேடுவோர் கல்லறையின் கல்லைத் தேடுவோரினும் ஒரு வினா மிகுதியாக எழுப்புதல் வேண்டும். கற்பலகை தானே கப்பலேறாது. அதனை மனிதரே கொண்டு சென்றனர். கூழாங்கல்லையோ மனிதருக்கு முன்னரே ஆறு உருட்டிக் கொண்டு வந்திருத்தல் கூடும். ஆற்றில் உருண்ட கல்லின் மேற்றோல் வழுவழுப்பாகவும் வளைந்தும் இருக்கும். செதுக்கிய கருவியின் ஒரு புறத்தே அத்தோல் எஞ்சியிருப்பின், அதனைச் செய்தவன் பாறையை உடைத்தானல்லன், ஆற்றுச் சரளையிலிருந்து எடுத்தான் என்று கொள்ளலாம். இங்ஙனம் கல்லின் ஊரை அறிந்ததனோடு அமையாது, அது வந்த வண்டியையும் அறிதல் வேண்டும்.

இனி, மனிதர் பாறையைப் பிளந்த முறையைக் காண்போம். பல்லாவரத்திலேயே மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் குடைவித்த ஐந்து அறைகளையுடைய கோயில் ஒன்று உண்டு. அவன்தன் சிறப்புப் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. அது பிற்காலத்தில் இசுலாமியரின் தர்கா ஆயிற்று. மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் கோயில் எடுத்ததாகப் பெருமை கூறிக்கொண்ட வேந்தன் இவனே. குடைவரைக் கோயிலில் கல்லின் ஊரைத் தேட வேண்டுவதில்லை. பாறை பிறந்த இடத்திலேயே கோயிலாயிற்று. கல்லை அடுக்கிக் கட்டும் முறை வந்த பின்னரே இவ்வினா எழுந்தது. காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலைப் பாருங்கள். சுமையைத் தாங்கும் அடித்தளத்திற் கருங்கல்லும், சிற்பம் செதுக்கும் சுவர்களில் மெல்லிய மணற்கல்லும் வைத்துக் கட்டியுள்ளனர். ஒரே கோயிலின் கற்களுக்கு இரண்டு ஊர்கள். எக்கல் எதற்கு ஏற்றது என்பதை அக்காலத்துத் தச்சர் நன்கு அறிந்திருந்தனர். தட்டியபோது எழும் ஓசையைக் கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பிரித்து, மணியோசை எழுவதைத் தெய்வத் திருவுருவிற்குத் தேர்ந்தெடுத்தல் சிற்பியர் மரபு. உள்ளே வெடிப்புடைய கல் மங்கிய ஓசை தருமாதலின், இம்மரபு வெறும் நம்பிக்கையன்று. செவியாற் செய்த சோதனையேயாம்.

அவர்கள் கல்லெடுத்த பாறைமுகங்களைக் காண விரும்புவோர் மாமல்லபுரம் செல்க. அங்கே பாறைகளின்மீது உளியால் வரிசையாக வெட்டிய சிறு குழிகள் தையலிட்ட துணி போலத் தோன்றுகின்றன. குழிகளில் ஆப்பை இறுக்கினால் பாறை அவ்வரிசை வழியே பிளந்து கொடுக்கும். பிளவு முற்றுப்பெறாது நின்றுவிட்ட பாறைகளும் உள்ளன. இத்தகைய குழிகளின் நீளம், அகலம், இடைவெளி என்பன கல் வெட்டியோரின் கைவழக்கத்தைக் காட்டும். ஆயின் இம்முறை பல நூற்றாண்டுகள் மாறாது வழங்கியமையால், குழியை மட்டும் கொண்டு காலம் கூறுதல் தவறாம். வெடிமருந்திட்டுத் தகர்த்த இடத்திலோ நீண்டு உருண்ட துளைகளின் பாதி பாறைமுகத்தில் எஞ்சி நிற்கும். அதனைக் கண்ட அளவில் அம்முகம் பிற்காலத்தது என்று தெளியலாம்.

கல்லின் ஊர் அறிவதனால் வரும் பயன் எத்துணைப் பெரிது என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சு என்னும் கல்வட்டம் சான்றாகும். அங்குள்ள நீலக்கற்கள் பல வேல்ஸ் நாட்டுப் பிரசெலிக் குன்றுகளிலிருந்து வந்தவை என்று 1923ஆம் ஆண்டில் எச். எச். தாமஸ் என்பார் நிறுவினார். அவ்வட்டத்தின் நடுவே கிடக்கும் பலிபீடக் கல்லும் வேல்ஸ் நாட்டதே என்று ஒரு நூற்றாண்டு வரை நம்பினர். 2024ஆம் ஆண்டில் அதன் நுண்மணிகளின் வயதை அளந்தபோது, அது ஸ்காத்லாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தது என்று புலனாயிற்று. ஆறு டன் எடையுள்ள அக்கல் எழுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து வந்ததென்றால், எழுத்தறியாத அம்மக்களிடையே எத்துணைப் பரந்த தொடர்பு இருந்திருத்தல் வேண்டும்!

அவ்வட்டத்தின் பெருந்தூண்களைப் பற்றிய செய்தி இன்னும் நமக்கு ஏற்றது. 1958ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்றைச் செப்பனிடுகையில் துளைத்தெடுத்த கல்லின் உட்பகுதியை, அவ்வேலையில் ஈடுபட்டிருந்த ஒருவர் தம்மிடமே வைத்திருந்து, அறுபது ஆண்டுகளின் பின் திருப்பி அளித்தார். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாதலின் அத்தூண்களை இந்நாளில் அறுத்தல் இயலாது. அத்துண்டு கிடைத்தமையாலே அதனைப் பல இடத்துப் பாறைகளோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர் வடக்கே உள்ள வெஸ்ட் வுட்ஸ் என்னும் காட்டுப்பகுதியே அதன் ஊர் என்று 2020ஆம் ஆண்டில் கண்டனர். ஒரு புறம் கல்லின் துண்டு இருந்தது. மறு புறம் காட்டில் பாறையும் எஞ்சியிருந்தது. இரண்டனுள் ஒன்று இல்லையாயினும் அவ்வுண்மை வெளிப்பட்டிராது.

நம் பகுதியின் நிலைமையோ இதற்கு நேர்மாறானது. அங்கே கட்டடக் கல்லை எடுத்தல் அரிது. பாறை எஞ்சி நின்றது. இங்கே கட்டடக் கற்கள் எங்கும் உள்ளன. பாறைதான் மறைந்து வருகின்றது. சென்னை நகரம் வளர வளரப் பல்லாவரம், பம்மல், திரிசூலம், நன்மங்கலம் முதலிய இடங்களில் குன்றுகள் சல்லியாகிச் சாலைகளிலும் சுவர்களிலும் கலந்தன. குன்று இருந்த இடத்தே ஆழ்ந்த குழியும், குழியில் நீரும் நிற்கின்றன. 2017ஆம் ஆண்டின் வறட்சியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கற்குழிகளின் நீரைத் தூய்மை செய்து நகர மக்களுக்கு வழங்கினர். மலை போயினும் நீரையேனும் தந்தது என்று ஆறுதல் கொள்ளலாம். கல்லின்றி நகரம் எழாது என்பதையும் நாம் மறுக்கவில்லை. நாம் இருக்கும் வீடும் படிக்கும் கூடமும் அக்கல்லின்மீதே நிற்கின்றன. ஆயினும் ஓர் இழப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய பாறைமுகம் ஒன்று தகர்ந்தால், அதிலிருந்து பிளந்து சென்ற கற்கள் அனைத்தும் ஊரற்றனவாகிவிடுகின்றன. திரிசூலத்துச் சோழர் காலக் கோயிலின் தூணையோ, நம் ஏரிகளின் பழைய மதகுக் கல்லையோ எத்துணை நுண்ணிய கருவிகொண்டு அளந்தாலும், ஒப்பிடுவதற்குப் பாறை இல்லையாயின் அளவு மட்டுமே எஞ்சும்; விடை கிடைக்காது. சாட்சி இருவருள் ஒருவர் இறந்த வழக்கைப் போன்றது அது.

பரங்கிமலையின் சார்னோக்கைட்டுப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக நிலவியல் ஆய்வுத்துறை அறிவித்திருத்தல் மகிழ்தற்குரியது. ஆயின் ஒரு பாறையைக் காத்தல் ஒரு மரத்தைக் காத்துக் காட்டைக் காத்ததாகக் கொள்வதை ஒக்கும். ஹாலண்டு கண்ட வேற்றுமைகள் ஒவ்வொரு குன்றிலும் வேறு வேறாக அமைந்துள்ளன. அவை அனைத்தையும் காத்தல் இயலாதெனினும், அவற்றின் நினைவைக் காத்தல் இயலும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒழுங்கு ஒன்றே வேண்டும்.

பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் பல்லாவரத்திலும் வாழும் மாணவர்கள், தத்தம் ஊரை அடுத்துள்ள பழைய கற்குழிகளில், உரியவரின் இசைவு பெற்று, தக்க துணையோடு, உதிர்ந்து கிடக்கும் கற்களுள் கைப்பிடி அளவுள்ள துண்டு ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். அது பழுப்பேறாத புதுமுகம் உடையதாயிருத்தல் வேண்டும். எடுத்த இடம், நாள், பாறையின் பட்டைகள் ஓடும் திசை, உளிக்குழிகள் இருப்பின் அவற்றின் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் இந்நாளில் கைப்பேசியே கூறிவிடும். குறிப்பில்லாத கல் வெறுங்கல். குறிப்புள்ள கல்லே சான்று. கோயிலிலும் குடைவரையிலும் உள்ள கல்லின்மீது மட்டும் உளியும் சம்மட்டியும் படுதல் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைத்தல் சட்டப்படி குற்றமுமாம். அவற்றை ஆராயும் உரிமையும் கருவியும் உடையோர் என்றேனும் வருவர். அவர்கள் வரும்பொழுது ஒப்பிடுவதற்கு நாம் சேர்த்து வைத்த துண்டுகள் இருத்தல் வேண்டும். கல்லூரியின் ஒரு கண்ணாடிப் பேழை, நூறு துண்டுகள், நூறு சீட்டுக்கள்: இவ்வளவே தேவை.

முன்னாள் மாணவர்களும் இதில் உதவலாம். இன்று வீடுகள் நிறைந்துள்ள இடங்களில் முன்பு எப்பாறை நின்றது, எம்முகத்தில் கல் வெட்டினர், வண்டிகள் எவ்வழியே சென்றன என்பவற்றைக் கண்ணாற் கண்டவர்கள் அவர்களுள் பலர். கல் உடைத்து வாழ்ந்த குடும்பங்களின் முதியோர் அறிந்தனவோ இன்னும் மிகுதி. எப்பாறை எந்நேரத்தில் எத்திசையிற் பிளக்கும் என்பதைக் கையினால் அறிந்தவர்கள் அவர்கள். அவ்வறிவு எந்நூலிலும் எழுதப்படவில்லை. அதனைக் கேட்டு எழுதி வைத்தலும் மாதிரிக் கல்லைச் சேர்த்து வைத்தலை ஒத்த பணியே.

கல்கத்தாவின் கல்லறையில் கிடந்த ஒரு பலகையைப் பார்த்து, இதன் ஊர் பல்லாவரம் என்று 1893ஆம் ஆண்டில் ஒருவர் கூற முடிந்தது. அன்று பல்லாவரத்தில் பாறை நின்றமையாலன்றோ அது கூடிற்று? நம் வாயிற்படியைப் பார்த்து அதே வினாவை ஒருவர் எழுப்பும் நாளில், விடை கூறுதற்கு ஒரு துண்டேனும் பெயருடன் எஞ்சியிருக்குமாறு செய்தல் நம் கடனாகும்.